கைதான இரவிலேயே வரவேண்டிய வக்கீல்



பத்தாண்டுக் காலம் புதுவையில் அஞ்ஞாதவாசம் இருந்த பாரதியார், 1918 நவம்பரில் பிரிட்டிஷ் எல்லைக்குள் காலடி வைத்த மாத்திரத்தில் கைதாகிக் கடலூரில் சிறை வைக்கப்பட்டார். அவருக்காகப் பரிந்து பேசச் சென்னையில் வக்கீல்களும் பத்திரிகாசிரியர்களும் இருந்தார்கள். டிசம்பரில் விடுதலையும் ஆனார். அதே ஜில்லாவில், எழுபத்தைந்து ஆண்டுகள் கழித்து, சுதந்திரமும் அரசியல் சாசனமும் வந்து நிலைபெற்ற பின்னர், 1993 மார்ச்சில் நகைத் திருட்டுச் சந்தேகத்தின் பேரில் கம்மாபுரம் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகப்பட்ட முதனை கிராமத்துக் குறவர், கூலியாள் ராசாக்கண்ணுவுக்காகப் பேச அந்த இரவில் யார் இருந்தார்கள்?

ஒருவரும் இல்லை. அடி தாங்காமல் அவர் உயிர்விட்டார். போலீஸாரோ ஆள் தப்பியோடிவிட்டான் என்று சாதித்தார்கள். கணவரைத் தேடி அலைந்த அவர் மனைவி சென்னைக்குப் போய், பிற்காலத்தில் உயர்நீதிமன்ற நீதிபதியாக விளங்கிய வழக்கறிஞர் சந்துருவைக் கண்டு, ஆட்கொணர்வு மனுப் போட்ட பிறகுதான் உண்மை சிறிது சிறிதாக வெளிவந்தது. வழக்கு முடிவதற்குள் 2006 ஆகிவிட்டது. 'ஜெய் பீம்' படத்தில் இக்கதையைக் கண்டு கண்ணீர் விட்ட நீங்கள் ஒன்றைச் சிந்திக்கவேண்டும்: அந்த வக்கீல் எவ்வளவு சமர்த்தராயினும், உயிர் போன பிறகே வர நேர்ந்தது. ராசாக்கண்ணு மாண்டதற்கு முந்தைய ஆண்டு, 1992-இல், இதோ இந்தச் சிதம்பரத்து அண்ணாமலை நகர் ஸ்டேஷனில் ஒரு கணவன் மாண்டதும், அவன் மனைவிக்கு அங்கேயே நேர்ந்த கொடுமையும் இவ்வூர்ப் பெரியவர்களின் நெஞ்சில் இன்னும் ஆறாமல் இருக்கின்றன.

சட்டத்தில் குறை உண்டா என்றால், எழுத்தில் குறை அதிகமில்லை. கைதானவர் தமக்கு விருப்பமான வக்கீலைக் கலந்துகொள்ளும் உரிமையைச் சாசனத்தின் 22-ஆவது ஷரத்து தருகிறது. இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் அவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தவேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. ஒரிஸாவின் முதன்மந்திரியாக இருந்த நந்தினி சத்பதியே போலீஸ் கேள்விகளுக்கு எதிராக நீதிமன்றம் ஏறவேண்டியிருந்தது. 1978-இல் அவர் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர், விசாரணையின்போதும் வக்கீலின் துணை மறுக்கத்தக்கதன்று என்று தீர்ப்பளித்தார். முதன்மந்திரியாயிருந்தவருக்கே அந்தக் கதி என்றால், முதனைக் கூலியாளின் நிலையை நான் விவரிக்கவும் வேண்டுமோ!

1996-இல் டி. கே. பாசு வழக்கின் தீர்ப்பும் விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கும் உரிமையை ஏற்றது. பின்னர் சட்டமே திருத்தப்பட்டு, 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சன்ஹிதையின் 38-ஆவது பிரிவிலும் அவ்வுரிமை நிற்கிறது. ஆனால் விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கலாம், விசாரணை முழுவதும் உடனிருக்க உரிமையில்லை என்று அங்கே ஒரு வரம்பு கட்டியிருக்கிறார்கள். இந்த வரம்பு நீக்கப்படவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். வக்கீல் அருகில் இருந்தால் உண்மை வராது என்று சொல்லுகிறார்கள். போலீஸ் அதிகாரியிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது என்று 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டமே விதித்து, அது இன்றளவும் விதியாக இருக்க, அடித்து வாங்கும் சொல்லால் நியாயத்துக்கு என்ன லாபம்? குற்றமற்றவன் உடல் நோக, மெய்யான திருடன் எங்கோ நிம்மதியாய் உறங்குகிறான். நகையைப் பறிகொடுத்தவருக்கும் நீதி கிட்டுவதில்லை.

காவலில் இருப்பவர் எவராயினும் இலவசமாக வக்கீல் பெறலாம் என்று 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் சொல்லுகிறது. அதைக் கேட்க வழி தெரியாதவர்களே நம் கிராமங்களில் மிகுதி. ஆகையால், இளம் வழக்கறிஞர்களே, கடலூரிலும் சிதம்பரத்திலும் இரவு முறை வைத்துக்கொண்டு, அழைத்த ஸ்டேஷனுக்கு அந்நேரமே போங்கள். தாய்மார்களே, இலவசச் சட்ட உதவிக்கான 15100 என்ற தொலைபேசி எண்ணை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். தெருவில் யாரைப் பிடித்துச் சென்றாலும், விடியட்டும் என்று காத்திராமல் அப்போதே கூப்பிடுங்கள்.