சுளுக்குத்தானே என்று விட்டுவிடாதீர்கள்

(பளையில் தென்னந்தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கொக்கத்தடி பிடித்துத் தேங்காய் பறிக்கிறவரும், அலவாங்கில் குத்தி உரிக்கிறவரும், பொறுக்கிக் குவிக்கிற பெண்களும் காலை ஊன்றித்தான் உழைக்கிறோம். புல் மூடிய மட்டைக்குழியில் கால் வைத்தாலோ, உருண்டு கிடக்கும் தேங்காயை மிதித்தாலோ பாதம் உட்பக்கமாக மடங்கிவிடுகிறது. கணுக்காலின் வெளிப்பக்கத்தில் எலும்புகளைச் சேர்த்துக் கட்டியிருக்கும் நார்கள் அப்போது இழுபடும், சில நேரம் கிழியும். இதைத்தான் சுளுக்கு என்கிறோம்.

"சுளுக்குத்தானே" என்று மறுநாளே வேலைக்கு இறங்குகிறோம். போகாத நாளுக்குச் சம்பளம் இல்லை என்பதால்தான் இறங்குகிறோம். ஆனால் ஆறாத கால் மீண்டும் மடங்கும். இரண்டு மூன்று முறை மடங்கிய கால் பிறகு சமதரையிலும் நம்மைக் கைவிடும். ஒரு வாரச் சம்பளத்தைக் காப்பாற்றப் போய் காலையே இழக்கக் கூடாது.

முதலில் எலும்பு முறிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கனடாவின் ஒட்டாவா நகர வைத்தியர்கள் 1992இல் வெளியிட்ட சோதனை இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. அடிபட்ட காலை ஊன்றி நான்கு அடி நடக்க முடியவில்லையா? கணுக்காலின் இருபக்க மொழியிலும் பின்விளிம்பையோ நுனியையோ அழுத்தினால் எலும்பு நோகிறதா? பாதத்தின் வெளிவிளிம்பு நடுவிலோ உட்பக்க மேட்டிலோ அழுத்தினால் நோகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். புக்கை கட்டுவது அதற்குப் பிறகுதான். கால் கோணியிருந்தாலும், எலும்பு வெளியே தெரிந்தாலும் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

குதிகாலுக்கு மேலே யாரோ பின்னாலிருந்து அடித்ததுபோல் இருந்து, பிறகு நுனிக்காலில் நிற்க முடியாமல் போனால் குதிநாண் அறுந்திருக்கலாம். அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். சீனி வருத்தத்தால் கால் மரத்திருப்பவர்கள் நோவை நம்பியிருக்க வேண்டாம், காட்டிவிடுங்கள்.

முறிவில்லாவிட்டால் முதல் இரண்டு மூன்று நாள் காலுக்கு ஓய்வு கொடுங்கள். ஐஸைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வரை, நாளுக்குப் பலமுறை வையுங்கள். விரல் பக்கமிருந்து மேல்நோக்கிக் கட்டுப் போடுங்கள், விரல் நீலமாகும் அளவுக்கு இறுக்க வேண்டாம். படுக்கும்போது தலையணை வைத்துக் காலை உயர்த்துங்கள். இந்த நாட்களில் எண்ணெய் போட்டு உருவுவதும், சுடுநீர் ஒத்தடமும், சாராயமும் வீக்கத்தைக் கூட்டும்.

பிறகு கால் அசைய வேண்டும். உட்கார்ந்தபடி பெருவிரலால் காற்றில் அ, ஆ என்று எழுதுங்கள். பிள்ளைகளையும் கூட்டிவைத்து எழுதுங்கள், அவர்களுக்கும் எழுத்துப் பழகும். நோவு குறைந்ததும் சுவரைப் பிடித்து குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். அடுத்து அடிபட்ட காலில் மட்டும் 30 விநாடி நில்லுங்கள். இந்த ஒற்றைக்கால் பயிற்சிதான் மீண்டும் மடங்காமல் காக்கிறது, நாம் தவறவிடுவதும் இதைத்தான். இலேசான சுளுக்குக்கு ஓரிரு வாரம், நார் கிழிந்திருந்தால் பல வாரம் ஆகும். நல்ல காலைப் போலவே அதிலும் நிற்க முடிந்தால்தான் குழி மேட்டில் இறங்கலாம்.

மாவு கட்டியிருக்கும்போது கெண்டைக்கால் வீங்கி நோகிறதா, மூச்சு வாங்குகிறதா? உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். இரத்தம் உறைந்திருக்கலாம்.

தோழர்களே, பயிற்சி நம் கையில். அதற்கான நாட்களைப் பெறுவது சங்கத்தின் வேலை. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வேலையின்போது நேரும் காயத்துக்கானது. தற்காலிகமாக வேலை செய்ய முடியாமற் போனாலும் அதன்கீழ் கோரலாம். விழுந்த அன்றே கங்காணியிடமும் முகாமையாளரிடமும் அறிவித்து, எழுத்தில் பதியச் செய்யுங்கள். வைத்தியசாலைத் துண்டைப் பத்திரமாக வையுங்கள். யாரோ பார்த்தார்கள் என்றால் அவர் பெயரையும் குறித்துவையுங்கள்.

சங்கம் முகாமையிடம் மூன்று கோரிக்கைகளை வைக்கிறது. பயன்படுத்தாத மட்டைக்குழிகளை மூட வேண்டும், மூட முடியாதவற்றுக்கு அடையாளக் கம்பு நட வேண்டும். களஞ்சியத்தில் கட்டுத்துணியும் ஐஸும் இருக்க வேண்டும். கால் ஆறும்வரை உட்கார்ந்து செய்யும் வேலையை, சம்பளம் குறைக்காமல் கொடுக்க வேண்டும். கையெழுத்துத் தாள் வெளியே மேசையில் இருக்கிறது. போகும்போது ஒவ்வொருவரும் ஒப்பமிட்டுச் செல்லுங்கள்.