பசியும் வெம்மையும் பதற்றமும்

(விழா அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஆதி பகவான் துறவு பூண்ட நாளில் நாலாயிரம் அரசர்களும் உடன் துறவு பூண்டனர் என்று ஆதிபுராணம் கூறும். பகவான் உண்ணாமல் பருகாமல் ஆறு திங்கள் காயோத்சர்க்கத்தில் நின்றார். உடன் நின்ற அரசர்களால் அவ்வாறு நிற்க இயலவில்லை. பசியும் தாகமும் அவர்களைக் கலைத்தன. நாட்டுக்குத் திரும்பினால் பரத சக்கரவர்த்தி என்ன சொல்வாரோ என்னும் அச்சம் ஒரு பக்கம். வயிற்றின் வேதனை மறுபக்கம். இறுதியில் கிழங்கும் கனியும் உண்டு மரவுரி உடுத்துக் காட்டில் தங்கிவிட்டனர். இக்கதையைச் சொல்லும்போது அவ்வரசர்களைச் சற்று இளக்காரமாகப் பேசுவது வழக்கம். ஆயினும் அவர்கள் தவத்தின் அளவும் முறையும் அறியாமல், தலைவன்மேல் வைத்த அன்பு ஒன்றாலேயே பின்சென்றவர்கள் என்பதையும் புராணமே சொல்கிறது. அன்பு இருந்தது; ஆயத்தம் இல்லை. அதன் பின் வந்தது உடலின் கலக்கம், அதனோடு ஒட்டிய மனத்தின் அச்சம்.

பகவான் நெடுநாள் கழித்து அஸ்தினாபுரத்தில் சிரேயாம்ச மன்னன் அளித்த கரும்புச் சாற்றால் பாரணை செய்த நாளே அக்ஷய திருதியை. அது பெரும்பாலும் சித்திரை மாதத்தில் வரும். தமிழ்நாட்டில் அது அக்னி நட்சத்திரத்தின் வாசல். பணி காரணமாகவும் தொழில் காரணமாகவும் சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் சமணக் குடும்பங்களுக்கு அந்நாளின் நோன்பு எத்தகைய வெயிலில் நிகழ்கிறது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. சேலம் நகரம் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில், வடக்கே நகரமலையும் தெற்கே ஜருகுமலையும் மேற்கே கஞ்சமலையும் கிழக்கே கோதுமலையும் சூழ்ந்த ஒரு தட்டில் கிடக்கிறது. கடற்காற்று இங்கு எட்டுவதில்லை. ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரி செல்சியஸ் என்பது வியப்பான செய்தியன்று. பகலில் சூடேறிய மொட்டைமாடித் தளம் நள்ளிரவு வரை அச்சூட்டைக் கீழறைக்குள் இறக்கிக்கொண்டிருக்கும். பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிக் கொட்டகைகளிலும், நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகளிலும் நிற்பவர்களின் நிலையைத் தனியே விரிக்க வேண்டியதில்லை.

இத்தகைய ஒரு நாளில் நிகழக்கூடிய ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். முந்தைய நாள் சூரிய அத்தமனத்துக்கு முன் உண்ட ஓர் இல்லத்தரசி, மறுநாள் நண்பகலில் ஜினாலயத்து அபிஷேகக் கூட்டத்தில் நிற்கிறார். இரவில் புழுக்கத்தால் தூக்கமில்லை. திடீரென நெஞ்சு அடித்துக்கொள்கிறது. கை நடுங்குகிறது, உள்ளங்கை வியர்க்கிறது, மூச்சுப் போதவில்லை, விரல் நுனியும் உதடும் மரத்துப்போகின்றன, இப்போதே உயிர் போய்விடும் என்று தோன்றுகிறது. கால்மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிடுகிறது. மருத்துவமனையில் எடுத்த இ.சி.ஜி. பழுதின்றி இருக்கிறது. வீடு திரும்பியதும் ஒருவர் கண்ணேறு என்கிறார். ஒருவர் நோன்பில் ஏதோ குறை என்கிறார். ஒருவர் 'எல்லாம் மனப்பிரமை' என்று முடித்துவிடுகிறார். அடுத்த ஆண்டு அவர் நோன்பும் இருப்பதில்லை, கூட்டத்துக்கும் வருவதில்லை. பக்தி குறைந்ததாக உறவினர் எண்ணுகின்றனர். குறைந்தது பக்தியன்று, அவ்விடத்தில் மீண்டும் அது வந்துவிடுமோ என்னும் அச்சம் கூடியிருக்கிறது. மருத்துவர்கள் பானிக் அட்டாக் என்றும் தமிழில் பீதித் தாக்குதல் என்றும் குறிப்பது இதனையே.

உடலுக்குள் நிகழ்வது என்ன? உணவு நின்ற பின் கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையை இரத்தத்துக்கு அளந்து விடுகிறது. ஏறத்தாழ ஒரு நாளில் அச்சேமிப்பு பெரும்பாலும் தீர்ந்து, உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்குகிறது. நலமுள்ளவர்க்கு ஒருநாள் நோன்பில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்குவது அரிது. எனினும் டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமை ஒட்டி இறங்கும்போதே உடல் அட்ரினலினைச் சுரந்து எச்சரிக்கிறது. படபடப்பு, நடுக்கம், குளிர்ந்த வியர்வை ஆகியன அந்த அட்ரினலினின் வேலை. புலியைக் கண்டவன் உடலில் சுரப்பதும் அதே நீர்தான். காரணம் பசியா புலியா என்பதை நெஞ்சு பிரித்துச் சொல்வதில்லை.

வெம்மை இதன்மேல் வந்து சேர்கிறது. சூட்டை வெளியேற்றத் தோலின் இரத்தக் குழாய்கள் விரிகின்றன. அதனால் இதயம் விரைந்து அடிக்க வேண்டியுள்ளது. வியர்வையில் நீரும் உப்பும் போகின்றன. எழுந்து நிற்கையில் தலை சுற்றுகிறது. உடல் சூடேறினால் மூச்சும் விரைவுபடும். மூச்சு மிகையானால் இரத்தத்தில் கரியமிலவாயு குறைந்து விரல் நுனியும் உதடும் மரத்துப்போகும். 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வில், உடல் எடையில் சுமார் 1.6 சதவீதம் நீரை இழந்த நிலையிலேயே நலமுள்ள இளைஞர்களிடம் பதற்றம் கூடியது காணப்பட்டது. அறுபது கிலோ எடையுள்ளவர்க்கு அது ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. சேலத்து வெயிலில் அது பெரிய அளவன்று. அமெரிக்காவில் 2010 முதல் 2019 வரை அவசரச் சிகிச்சைப் பிரிவுகளுக்கு வந்தவர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2022இல் வெளியிட்டபோது, கடும் வெப்ப நாள்களில் மனநலக் காரணங்களுக்காக வருவோர் ஏறத்தாழ 8 சதவீதம் மிகுந்திருந்தனர். பதற்ற நோய்களும் அக்கணக்கில் அடங்கும்.

இவ்வளவும் உடலின் பங்கு. பீதியாக அது மாறுவதற்கு மனத்தின் பங்கும் வேண்டும். ஆங்கில உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986இல் இதனைத் தெளிவாக விளக்கினார். உடலில் தோன்றும் சாதாரண மாற்றத்தைச் சாவின் அறிகுறியாக மனம் தவறாகப் படிக்கிறது, அந்த அச்சம் மேலும் அட்ரினலினைச் சுரக்கச் செய்கிறது, படபடப்பு கூடுகிறது, கூடியதைக் கண்டு அச்சம் இன்னும் கூடுகிறது. செக்குமாடு போல ஒரே வட்டம். சமண நூல்களில் ஆர்த்த தியானத்தின் நால்வகையுள் ஒன்றாக, வந்த வேதனையையே மீளமீள எண்ணி உழலுவது கூறப்பட்டிருக்கிறது. உளவியல் கூறும் வட்டம் அதற்கு மிக அருகில் நிற்கிறது.

பசி மனத்தை எவ்வளவு கலைக்கும் என்பதற்கு இச்சமவெளியே சாட்சி. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் சேலம் ஜில்லா மிகக் கொடுமையாக அடிபட்டது. 1871 கணக்கெடுப்பில் சுமார் 19 இலட்சத்து 67 ஆயிரமாக இருந்த மக்கள்தொகை, 1881இல் சுமார் 16 இலட்சமாகச் சுருங்கிற்று. நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறு காசும் போதும் என்று 1877இல் சர் ரிச்சர்டு டெம்பிள் கூலியைக் குறைத்தார். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் அதனை எதிர்த்து எழுதினார். அது மேலிருந்து சுமத்தப்பட்ட பசி. நோன்பு தானே ஏற்ற பசி. இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைக்கலாகாது.

அவ்வாறாயின், தானே ஏற்ற பசி மனத்தைக் கலைக்காதா? இதற்கு விடை தருவது மின்னசோட்டாவில் 1944-45இல் நடந்த ஆய்வு. இரண்டாம் உலகப்போரில் ஆயுதம் ஏந்திக் கொல்ல மாட்டோம் என்று மறுத்த 36 இளைஞர்கள், பஞ்சத்தால் வாடும் ஐரோப்பிய மக்களை மீட்கும் வழி தெரியட்டும் என்று தம் உடலைத் தாமே ஒப்படைத்தனர். அன்சல் கீஸ் என்னும் அறிஞர் 24 வாரம் அவர்களுக்கு அரைப்பட்டினி உணவளித்துக் கவனித்தார். எடை கால்பங்கு குறைந்தது. அதனோடு சோர்வும் எரிச்சலும் பதற்றமும் பெருகின. சிலர் உணவைத் தவிர வேறொன்றையும் எண்ண இயலாதவராயினர். கொல்லாமையின் பொருட்டு மனமுவந்து ஏற்றவர்க்கும் இதுவே நேர்ந்தது. உயர்ந்த நோக்கம் நரம்புகளுக்குக் கவசமாவதில்லை. நோன்பில் படபடத்தவரைப் பார்த்து 'மனவுறுதி இல்லை' என்பவர்கள் அந்த 36 பேரையும் நினைவில் கொள்வது நன்று.

சமண மரபு இதனை முன்பே அறிந்திருந்தது. உமாஸ்வாமிகளின் தத்துவார்த்த சூத்திரம் கூறும் 22 பரீஷஹங்களில் முதல் நான்கும் பசி, தாகம், குளிர், வெம்மை. அவற்றை வெல்லுதல் முனிவர்க்கு உரிய பணியாகக் கூறப்படுவதே, அவை எளியன அல்ல என்பதற்குச் சான்று. அதே நூலில், தீர்த்தங்கரத் தன்மைக்குக் காரணமான 16 பாவனைகளுள் தவம் 'சக்திக்கு ஏற்ப' என்னும் அடைமொழியுடன்தான் வருகிறது. இச்சொல்லை உரையாசிரியர்கள் அலங்காரமாகக் கொள்ளவில்லை. சிராவகர்களும் அவ்வாறு கொள்ளலாகாது. முழு உணவை விட இயலாதவர்க்கு அரைவயிற்று உணவும், சுவை துறத்தலும் புறத்தவங்களாகவே எண்ணப்படுகின்றன. அவை தவத்தின் தாழ்ந்த படிகள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரம் கூறும் புரோஷதோபவாச முறை இங்கு எண்ணத்தக்கது. முதல்நாள் ஒருபொழுது உணவு. அட்டமி அல்லது சதுர்த்தசியில் முழு உபவாசம். மறுநாள் மீண்டும் ஒருபொழுது. படிப்படியாக இறங்கிப் படிப்படியாக ஏறும் இம்முறையில் மருத்துவமும் குறை காணாது. நோன்பு நாளில் ஆரம்பங்களை, அதாவது தொழிலும் அலைச்சலும் சார்ந்த வினைகளை விடுமாறும் அந்நூல் கூறுகிறது. இன்று நடப்பதோ வேறு. காலையில் உபவாசப் பிரத்தியாக்கியானம், பத்து மணிக்கு அலுவலகம், பன்னிரண்டு மணிக்கு இருசக்கர வாகனத்தில் லீ பஜாருக்கு ஓட்டம், மாலையில் பூசை. உணவை மட்டும் விட்டு ஓட்டத்தை விடாத நோன்பு பாதி நோன்பே. படபடப்பு பெரும்பாலும் அந்த மற்றப் பாதியில்தான் புகுகிறது.

இனி, எது பீதி, எது பீதியன்று என்னும் வினா. இதில் தவறினால் உயிருக்கே கேடு. பீதித் தாக்குதல் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சமடைந்து பின் தணியும். அறிவு தெளிவாகவே இருக்கும். கேட்ட கேள்விக்கு விடை வரும். பேச்சு குழறினாலோ, இடம் ஆள் தெரியாமல் பிதற்றினாலோ, உடல் கொதித்தாலோ அது வெப்பத்தாக்கு எனக் கொள்ளவேண்டும். உடனே நிழலுக்குக் கொணர்ந்து, உடலில் நீரூற்றி விசிறி, 108க்கு அழைக்க வேண்டும். நினைவு தெளியாதவர் வாயில் நீர் புகட்டலாகாது. நெஞ்சுவலி தோளுக்கோ தாடைக்கோ பரவினால், முன்பு பீதி என்று சொல்லப்பட்டவராயினும், மருத்துவமனையே வழி. நீரிழிவுக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர் நடுங்கினால் உடனே சர்க்கரை கொடுக்க வேண்டும். அந்நிலையில் நோன்பு முறிந்ததே என்று வருந்துவதற்கு இடமில்லை. அருகன் சினந்து தண்டிப்பவன் என்று எந்தச் சமண நூலும் கூறவில்லை.

மனநோய்க்கு லித்தியம் எடுப்பவர் நீருமின்றி நோன்பிருப்பது மிகவும் ஆபத்தானது. உடலில் நீர் குறைந்தால் அம்மருந்து நஞ்சளவுக்கு ஏறக்கூடும். மனநல மருந்து உண்பதை உறவினரிடமும் மறைப்பது இச்சமூகத்தில் இன்றும் உண்டு. மறைத்தவர் நோன்பு நாளில் எல்லாரோடும் சேர்ந்து நீர் விடுகிறார். காரணம் சொல்லி விலக அவரால் இயலவில்லை. இதனைப் பெரியோர்கள் நினைத்தால் மாற்றலாம். 'ஏன் நோன்பு இல்லை?' என்று பொதுவில் கேட்பதை நிறுத்தினாலே பலர் தப்புவர்.

தாக்குதல் உண்மையில் பீதியே என்று மருத்துவர் உறுதி செய்தால், அது குணப்படுத்தக் கூடியது. மூச்சை மெதுவாக, உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவதை நீட்டி விடப் பழகுவதும், அஞ்சி விலக்கிய இடங்களுக்குச் சிறிது சிறிதாக மீளச் செல்வதும், தேவையெனில் மருந்தும் பயன் தரும். சேலத்தில் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஊர் விட்டுச் செல்ல இயலாதவர் 2022 அக்டோபரில் தொடங்கப்பெற்ற டெலிமானஸ் சேவையின் 14416 எண்ணில் தமிழிலேயே கட்டணமின்றிப் பேசலாம்.

அறக்கட்டளைகளுக்கும் இதில் பணி உண்டு. மகாவீர் ஜயந்தி ஊர்வலம் காலை ஒன்பதுக்குள் ஆலயம் திரும்புமாறு புறப்பாட்டு நேரத்தை முன்தள்ளலாம். பந்தலின் தகரக் கூரைக்கு மேல் தென்னங்கீற்று வேயலாம். நோன்பாளர் நிற்காமல் அமர்ந்து பூசை காண நாற்காலிகள் இடலாம். அக்ஷய திருதியைப் பாரணையில் கரும்புச் சாற்றைச் சிறு கிண்ணத்தில் தந்து, நீரிழிவுடையோர்க்கு மோரும் கஞ்சியும் தனியே வைக்கலாம். எட்டு நாள், பத்து நாள் நோன்பிருந்தவர் முதல்நாளே வயிறார உண்ணாமல், மருத்துவர் சொற்படி சிறிது சிறிதாக உணவைக் கூட்டுமாறு பார்த்துக்கொள்ள, வீட்டார் ஒருவரைப் பொறுப்பாக்கலாம். விழாக்குழு கூடி நிகழ்ச்சிநிரல் அச்சுக்குப் போகும் முன்னரே இவை முடிவு செய்யப்பட வேண்டியவை.