திரைக்கு முன்னும் பின்னும்



சென்ற கோடை விடுமுறையில் தில்லியினின்றும் புறப்பட்டு, என் தமக்கை வாழும் சின்னக்கானலுக்குச் சென்றிருந்தேன். அகலப்பாதை வேலைக்காக 2010-ஆம் ஆண்டில் நின்றுபோன போடிநாயக்கனூர் இரயில், 2023-இல் மீண்டும் ஓடத் தொடங்கியதால், மலையடிவாரம் வரையில் வண்டியிலேயே போய்விட முடிகின்றது. பிறகு போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, பூப்பாறையைக் கடந்தால், ஆனையிறங்கல் நீர்த்தேக்கமும் அதனைச் சூழ்ந்த தேயிலைச் சரிவுகளும் கண்ணிற்படும். ஆட்சி கேரளத்தினது, ஆயினும் லயங்களில் கேட்கும் பேச்சு நம் தமிழே. அரிக்கொம்பன் என்னும் யானையை 2023 ஏப்ரலில் மயக்க ஊசி செலுத்திப் பிடித்துச் சென்றது இவ்விடத்திலிருந்துதான் என்று சொன்னால், தொலைவில் இருக்கும் நேயர்களுக்கும் ஊர் விளங்கிவிடும்.

நான் சென்ற அன்று இரவே என் தமக்கை வழக்கைத் தொடங்கிவிட்டார். "தம்பி, நீ படித்தவன், சர்க்கார் உத்தியோகத்தில் இருக்கிறாய். இவளுக்கு நீதான் புத்தி சொல்ல வேண்டும்" என்றார். 'இவள்' என்றது அவர் மகளை. வயது இருபத்து நான்கு. மதுரையில் இளங்கலை படித்தவள். இரண்டாண்டுகளுக்கு முன் ஒரு பெண் இயக்குநர் எடுத்த சிறிய படத்தில் தலைமைப் பாத்திரமாக நடித்தாள். அப்படம் எந்தக் கொட்டகைக்கும் வரவில்லை. பேசிய சம்பளத்தில் பாதிதான் கைக்கு வந்தது. இப்போது மூணாறில் படப்பிடிப்பு நடத்த வந்த பெரிய நிறுவனம் ஒன்று, கதாநாயகியின் தோழியாக நடிக்க அவளை அழைக்கின்றது, இவளோ தயங்குகிறாள். என் அத்தான், தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இரண்டும் வேண்டாம், வங்கித் தேர்வு எழுதட்டும் என்கிறார். மூன்று கட்சிகளுக்கும் நடுவே நான் நீதிபதி!

முதலில் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. மொழிபெயர்ப்பாளனுக்கு அந்த நோய் விடாது. பெரிய முதலாளிகளையும் நட்சத்திரங்களையும் நம்பாமல் எடுக்கப்படும் படத்திற்குத் தமிழில் என்ன பெயரிடுவது? 'சுதந்திரப் படம்' என்றால் விடுதலைப் போராட்டக் கதை என்று எண்ணிவிடுவர். 'தனிப்படம்' என்பது தனியாக ஒருவர் பார்ப்பது போலாகும். 'சுயேச்சைப் படம்' என்பதே பொருந்தும் என்று நான் கூறினேன். உடனே என் அத்தான், "சுயேச்சை என்றால் சரிதான், டெபாசிட் போய்விடும்" என்றார். அவர் நகைச்சுவைக்காகக் கூறினாரோ, மெய்யாகவே கூறினாரோ, வழக்கின் சாரம் அதுதான்.

மறுநாள் காலையில் அந்தப் பெண்ணுடன் நீர்த்தேக்கம் வரையில் நடந்தேன். நான் என் பங்கிற்கு வரலாற்றைச் சொல்லத் தொடங்கினேன். திருவையாற்றில் பிறந்த டி. பி. ராஜலக்ஷ்மி 1931 அக்டோபர் 31-ஆம் நாள் வெளிவந்த 'காளிதாஸ்' என்னும் முதல் தமிழ்ப் பேசும்படத்தின் நாயகி. அப்படம் பம்பாயில் எடுக்கப்பட்டது. சென்னையில் அப்போது பேசும்படக் கூடம் இல்லை. இன்று பம்பாய்த் தாராவியில் இருந்து இப்பேச்சைக் கேட்போர், தமிழ்ப் பேசும்படம் தம் ஊரில்தான் பேசத் தொடங்கியது என்று சற்றுப் பெருமை கொள்ளலாம். குழந்தைப் பருவத்திலேயே மணம் செய்விக்கப்பட்டு, அந்த மணம் முறிந்து, நாடக மேடையில் பிழைத்தவர் ராஜலக்ஷ்மி. அவரே 1936-இல் 'மிஸ் கமலா' என்னும் படத்தைத் தாமே எழுதி, தயாரித்து, இயக்கி, நடித்தார். தமிழில் படம் இயக்கிய முதல் பெண் அவரே. அப்படத்தின் பிரதி இன்று கிடைப்பதில்லை. தாம் சொந்தமாக எழுதிய புதினத்தையே படத்திற்குக் கதையாக்கினார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. பிறர் எழுதிய வசனத்தைப் பேசிக்கொண்டிருந்தவர், ஐந்தே ஆண்டில் தம் வசனத்தைப் பிறர் பேசும்படி செய்துவிட்டார்.

பிறகு பி. பானுமதி 1953-இல் 'சண்டிராணி'யைத் தமிழ், தெலுங்கு, இந்தி ஆகிய மூன்று மொழிகளிலும் இயக்கியதைக் கூறினேன். சாவித்திரி 1968-இல் தெலுங்கில் 'சின்னாரி பாப்பலு' படத்தைப் பெரும்பாலும் பெண் கலைஞர்களைக் கொண்டே உருவாக்கி, அதனையே மறு ஆண்டு 'குழந்தை உள்ளம்' என்று தமிழில் தந்ததையும், 1971-இல் அவர் எடுத்த 'ப்ராப்தம்' பெருநட்டம் விளைத்ததையும் கூறினேன். அந்தக் கடைசிச் செய்தியைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்; ஆனால் என் அத்தானுக்கு நான் அநீதி செய்ய விரும்பவில்லை.

அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "மாமா, ரோஸியைச் சொல்லவில்லையே?" என்றாள்.

பி. கே. ரோஸி, மலையாளத்தின் முதல் கதைப்படமான 'விகதகுமார'னில் நடித்த பெண். படம் திருவனந்தபுரத்தில் திரையிடப்பட்ட ஆண்டை 1928 என்பாரும் 1930 என்பாரும் உண்டு. தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த பெண் நாயர் மகளாகத் திரையில் தோன்றியதைப் பொறாத கூட்டம் கல்லெறிந்தது. அவர் குடிசைக்கும் தீ வைத்தது. ரோஸி இரவோடு இரவாகத் தமிழ்நாட்டுப் பக்கம் தப்பி, நாகர்கோவிலில் வேறு பெயருடன் வாழ்ந்து மறைந்தார் என்பர். படத்தை எடுத்த ஜே. சி. டேனியல் பெயரால் கேரள அரசு 1992 முதல் விருது வழங்குகின்றது. ரோஸியின் பெயர் நெடுங்காலம் எங்கும் இல்லை. "ராஜலக்ஷ்மி அம்மாவுக்குப் பட்டம் கிடைத்தது, இவருக்கு எல்லையைத் தாண்டும் வழிதான் கிடைத்தது. எனக்கு இருவரும் வேண்டும்" என்றாள் அந்தப் பெண். நான் சிறிது நேரம் பேசவில்லை.

நேயர்களே, பெண் இயக்குநர்கள் என்றால் இன்றைய நிலையில் பெயர்களுக்குக் குறைவில்லை. 'இறுதிச் சுற்று', 'சூரரைப் போற்று' எடுத்த சுதா கொங்கரா, 'சில்லுக் கருப்பட்டி' தந்த ஹலிதா ஷமீம், 'ஆரோகணம்' இயக்கிய லட்சுமி ராமகிருஷ்ணன் ஆகியோரை நீங்களும் அறிவீர்கள். ஆனால் பெயர்ப்பட்டியல் இந்தப் பெண்ணுக்குச் சலிப்பூட்டியது. அவளுக்கு இருந்த செய்தி வேறு.

"பெண் இயக்குநர் என்றால் கனிவாக இருப்பார் என்றுதான் நானும் நினைத்தேன், மாமா. அப்படியொன்றும் இல்லை. ஒரே காட்சியைப் பதினாறு முறை எடுத்தார். ஒரு நாள் அழுதுவிட்டேன். ஆனால் என்னைக் கேட்டார்" என்றாள்.

என்ன கேட்டார்? தேயிலைக் கொழுந்து எடுக்கும் காட்சி ஒன்று. வெளியூர்ப் படக்காரர்கள் வந்தால் முதுகில் கூடையை மாட்டி, விரலால் ஒவ்வொரு கொழுந்தாகக் கிள்ளச் செய்வர். பார்க்க அழகாக இருக்கும். இங்குள்ள தோட்டங்களிலோ பெண்கள் பெரும்பாலும் பெட்டி பொருத்திய கத்தரியால் வெட்டி, சாக்கில் கொட்டித் தோளில் சுமந்து எடை போடுமிடம் வரை செல்கின்றனர். அட்டையைத் தடுக்கக் காலில் சுற்றுவது என்ன, இடுப்பில் கட்டும் தார்ப்பாய் எந்த அளவு என்பதையெல்லாம் அந்த இயக்குநர் இவளிடமும் இவள் தாயிடமும் கேட்டு எழுதிக்கொண்டாராம். கத்தரியைப் பிடித்து நாள் முழுதும் நின்றால் எந்தத் தோள் முதலில் நோகும் என்று கேட்டபோது, முப்பதாண்டு வேலை பார்த்த என் தமக்கை, அதுவரை தம்மிடம் யாரும் அதைக் கேட்டதில்லை என்று கூறினாராம்.

இவ்விடத்தில் நான் மறுத்துரைத்தேன். இப்படிக் கேட்பது பெண்களுக்கே உரிய குணமா? இதே மலைத்தொடரின் தேனிப் பக்கத்தில் ஏலக்காய் மூட்டை சுமப்பவன் ஒரு துண்டு நிலத்திற்கு ஏங்குவதைப் படமாக்கிய 'மேற்குத் தொடர்ச்சி மலை' 2018-இல் வந்தது. அதனை இயக்கிய லெனின் பாரதி ஆண்தான். பி. எஸ். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி' 2024-இல் பெர்லின் விழாவிற்குச் சென்று, அவ்வாண்டு ஆகஸ்டில் இங்கும் வெளியாயிற்று. வேறு சாதி இளைஞனை விரும்பிய பெண்ணுக்குப் பேய் பிடித்திருப்பதாகக் கூறி, உறவினர் ஆட்டோவில் ஏற்றிச் சாமியாடியிடம் கொண்டு செல்லும் கதை. கேரளத்தைச் சேர்ந்த அன்னா பென் அதில் ஏறக்குறைய வாய் திறவாமலே படம் முழுதும் அமர்ந்திருக்கிறார்; பின்னணி இசையும் கிடையாது. அந்த மௌனத்தைக் காட்டியவரும் ஆண் இயக்குநர்தானே என்று கேட்டேன்.

"ஒப்புக்கொள்கிறேன்" என்றாள். "பார்வை யாருக்கும் வரும், மாமா. நான் சொல்வது கழிப்பறையைப் பற்றி."

நான் திகைத்தேன். அவள் விளக்கினாள். முன்பு ஒரு படத்தில் கூட்டக் காட்சியில் நிற்கச் சென்றிருந்தாளாம். எந்தப் படம் என்பது இங்கு வேண்டாம். காலை ஆறு முதல் மாலை வரை பெண்களுக்கு ஒதுங்க இடமில்லை. உடை மாற்றத் தேயிலைச் செடியே மறைவு. பெண்கள் தண்ணீர் குடிக்காமல் நின்றனர். இதனை அவள் சொன்னபோது எனக்கு நீதிபதி ஹேமா குழுவின் அறிக்கை நினைவுக்கு வந்தது. கேரள அரசு 2017-இல் அமைத்த அக்குழு, 2019 இறுதியில் அறிக்கையை அளித்தது. அது மக்கள் பார்வைக்கு வர 2024 ஆகஸ்ட் ஆயிற்று, அதுவும் பல பகுதிகள் நீக்கப்பட்டு. அதிலே பெரிய குற்றங்களோடு இந்தச் சிறிய குறையும் எழுதப்பட்டிருக்கின்றது: கழிப்பறை இல்லாமையால் நடிகையர் நீர் அருந்துவதைத் தவிர்க்கின்றனர் என்று. சிறிய குறை என்றேன். அந்தச் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். 2015 செப்டம்பரில் 'பெம்பிளை ஒருமை' என்று திரண்டு மூணாறு வீதியை மறித்த தோட்டப் பெண்கள், நாட்கூலி 232 ரூபாயையும் போனஸையும் பற்றித்தான் பேசினர் என்று நாம் படித்தோம். ஆயின் லயத்தின் நிலையையும் அவர்கள் அன்று பேசினர். அந்தக் கூட்டத்தில் என் தமக்கையும் அமர்ந்திருந்தார். "அம்மாவிடம் கற்றதைத்தான் நான் படப்பிடிப்பில் கேட்கிறேன், அதற்குப் பெயர் திமிர் என்கிறார்கள்" என்றாள் மகள்.

பெண் இயக்குநரின் படத்தில் பணம் மிகக் குறைவு. ஆயினும் முதல் செலவாக ஒரு வீட்டின் அறையை வாடகைக்கு எடுத்து உடை மாற்ற விட்டாராம். 'பார்வை' என்று நாம் பெரிதாகப் பேசுவது இப்படியும் தொடங்குகின்றது போலும்.

பணத்திற்கு வருவோம், என் அத்தானின் கட்சி அது. சுயேச்சைப் படம் எடுப்பது ஒரு பங்கு என்றால், அதைக் காட்டுவது மூன்று பங்கு. தணிக்கைச் சான்றிதழ், கொட்டகைகளுக்கு எண்முறையில் அனுப்பும் கட்டணம், விளம்பரம் என்று செலவு வளர்கின்றது. வெள்ளிக்கிழமை வந்த படம் திங்கட்கிழமை நீங்கிவிடுகின்றது. இதற்குக் கேரளம் இருவகையில் விடை தேடியிருக்கின்றது. 1980-களில் ஜான் ஆபிரகாம் தோழர்களுடன் ஊர் ஊராகச் சென்று, படம் காட்டி, மக்களிடமே பணம் திரட்டி 'அம்ம அறியான்' படத்தை 1986-இல் முடித்தார். தமிழில் 'அக்ரஹாரத்தில் கழுதை' எடுத்தவரும் அவரே. மற்றொன்று அரசின் வழி. கேரள அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகம் பெண் இயக்குநர்களுக்கென்றே ஒரு திட்டம் வகுத்து, படத்திற்கு ஒன்றரைக் கோடி ரூபாய் வரை அளித்தது. தாரா ராமானுஜனின் 'நிஷித்தோ', சுருதி சரண்யத்தின் 'பி 32 முதல் 44 வரை' முதலியன அவ்வாறு பிறந்தவை. தமிழகத்திலும் இத்தகைய திட்டம் ஒன்று வேண்டும் என்பது என் கருத்து.

பாயல் கபாடியாவின் படம் 2024-இல் கான் விழாவின் போட்டியில் இரண்டாம் பெரும்பரிசைப் பெற்றதை நீங்கள் செய்தியில் கேட்டிருப்பீர்கள். முப்பது ஆண்டுகளுக்குப் பின் அப்போட்டிக்குள் நுழைந்த இந்தியப் படம் அது. பம்பாயில் வேலை பார்க்கும் மலையாளத் தாதியரின் கதை. கனி குஸ்ருதியும் திவ்யபிரபாவும் நடித்தது. வேற்றூரில் வாடகை அறையில் தம் மொழியை மெல்லப் பேசிக்கொள்ளும் பெண்கள்! தில்லியில் நான் அதைப் பார்த்தபோது என் அருகில் இருந்த தமிழர் ஒருவர் இடைவேளையில், "இது நம் கதைதானே, ஐயா" என்றார். நம் கதையை நம்மில் யார் எடுப்பார் என்று கேட்க நினைத்தேன், இடைவேளை முடிந்துவிட்டது.

நான் ஊரில் இருந்த கடைசி ஞாயிற்றுக்கிழமை, அவள் நடித்த படத்தை வாசகசாலையில் வெள்ளை வேட்டி கட்டிக் காட்டினார்கள். நாற்பது பேர் வந்திருப்பர். பெரும்பாலும் தோட்டப் பெண்கள். இரு முறை மின்சாரம் நின்றது. கொழுந்து வெட்டும் காட்சியில் ஒரு மூதாட்டி உரத்த குரலில், "கத்தரியைத் தாழப் பிடிக்கிறாளே, இப்படி வெட்டினால் தண்டு வந்துவிடும்" என்றார். எல்லோரும் சிரித்தனர், நடித்தவளும் சிரித்தாள். படம் முடிந்ததும் அவளை அருகில் அழைத்து அம்மூதாட்டி கையைப் பிடித்துத் திருத்திக் காட்டினார். என் அத்தான் கடைசி வரிசையில் நின்றே பார்த்தார். ஒன்றும் கூறாமல் வேட்டியை மடித்து எடுத்து வந்தார்.

நான் என்ன தீர்ப்புச் சொன்னேன் என்று கேட்பீர்கள். பெரிய படத்தில் நடி, சம்பளத்தை முன்னரே எழுத்தில் வாங்கு, வங்கித் தேர்வுக்கும் விண்ணப்பம் போடு என்றேன். மூன்று கட்சியையும் திருப்தி செய்யும் தீர்ப்பு எவருக்கும் பிடிக்காது என்பது தெரிந்ததே. அவள் முகம் வாடியதைக் கண்டேன். இப்போது எண்ணிப் பார்க்கையில், அவள் என்னிடம் அனுமதி கேட்கவே இல்லை, நான்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

சென்ற வாரம் கடிதம் வந்தது. பதினோரு நாள் நடித்தாளாம். பணம் முழுதும் வந்துவிட்டது. அதில் ஒரு பகுதியை முதற்படத்தின் தணிக்கைச் செலவிற்கு அந்த இயக்குநரிடம் கடனாகக் கொடுத்திருக்கிறாள். இதைத் தந்தையிடம் சொல்ல வேண்டாம் என்று அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறாள். அத்தான் வானொலி கேட்பதில்லை என்ற தைரியத்தில் நான் கூறிவிட்டேன். தோட்டக் காட்சியில் கத்தரிதான் வேண்டும் என்று அவள் சொன்னதை முதல் நாள் இயக்குநர் ஏற்றுக்கொண்டாராம். இரண்டாம் நாள் ஒளிப்பதிவாளர் வந்து பார்த்துவிட்டு, கூடையையே கொண்டுவரச் சொல்லிவிட்டார். "கூடையோடுதான் நடித்தேன், மாமா. ஆனால் உடை மாற்ற ஒரு வண்டி நிறுத்தியிருந்தார்கள், பெண்கள் அனைவரும் தண்ணீர் குடித்தோம்" என்று எழுதியிருக்கிறாள்.