பத்தொன்பது வயதில் படுக்கை நனைந்தால்

(எபிசோடில் பேசியதன் திருத்திய எழுத்து வடிவம்)

போன எபிசோட்ல சின்னப் பிள்ளைகள் தூக்கத்தில் படுக்கையை நனைப்பதைப் பற்றிப் பேசினேன். அஞ்சு வயசுல ஏழு பிள்ளைகள்ல ஒண்ணுக்கு அது இருக்கும், பெரும்பாலும் வளர வளரத் தானா நின்னுடும், திட்டாதீங்கன்னு சொன்னேன். அதைக் கேட்டுவிட்டு ஒரு அம்மா எழுதியிருந்தார். "என் மகனுக்கு 19 வயசு. சின்ன வயசுல இந்தப் பிரச்சினையே கிடையாது. இப்போ சில மாசமா மெத்தை நனையுது. இதுவும் தானா சரியாயிடுமா?"

இல்லைங்க. இது வேற. வருஷக்கணக்காக உலர்ந்திருந்த படுக்கை திடீர்னு நனைய ஆரம்பிச்சா அதுக்கு ஒரு காரணம் இருக்கும். சர்க்கரை நோயா, கிருமித் தொற்றா, நரம்புக் கோளாறா, வலிப்பா என்று பார்க்க வேண்டும். நான் இங்கிலாந்தின் வடக்கே ஒரு ஊரில் சிறுநீர்ப்பை நோயாளிகளைக் கவனிக்கிற நர்ஸ். இங்கே இந்த வயதுப் பிள்ளைகள் வந்தால், இப்போது அந்தப் பட்டியலோடு இன்னொன்றையும் கேட்கிறோம். அது கெட்டமைன்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், இல்லேன்னா பயந்துடுவீங்க. கெட்டமைன் நல்ல மருந்து. 1962-இல் உருவாக்கப்பட்ட மயக்க மருந்து. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. உங்க பிள்ளை கை உடைஞ்சு வந்தப்போ எலும்பைச் சேர்க்க அதை ஒரு தடவை கொடுத்திருந்தா, அதனால சிறுநீர்ப்பை கெட்டுப்போகாது. நான் பேசுவது அதைப் பொடியாக்கி, மூக்கால் உறிஞ்சி, வாரத்துக்குப் பல நாள், மாசக்கணக்கா எடுக்கிறவர்களைப் பற்றி. இங்கே பசங்க அதை 'கெட்' என்பார்கள். ஒரு ராத்திரி பப்பில் உட்கார்ந்து குடிக்கிறதை விட மலிவு.

உடம்பு அதைச் சிதைத்துச் சிறுநீர் வழியாகத்தான் வெளியே தள்ளுகிறது. அந்தச் சிறுநீர் பையில் தங்குகிற நேரமெல்லாம் உள்தோலை அரிக்கிறது. உள்தோல் உரிந்து புண்ணாகி, ரத்தம் வருகிறது. புண் ஆறி ஆறி மறுபடி புண்ணாகிறபோது பையின் சுவர் தடித்து, விரியாமல் இறுகிப்போகிறது. நல்ல சிறுநீர்ப்பை 400, 500 மில்லி பிடிக்கும். இவர்களில் சிலருக்கு 100 மில்லிகூடப் பிடிக்காது. ஒரு சின்ன டம்ளர் அளவு.

இது ரொம்பப் பழைய நோய் இல்லை. 2007-இல் கனடாவின் டொராண்டோ மருத்துவர்கள் ஒன்பது பேரைப் பற்றி எழுதினார்கள். அடுத்த வருஷமே ஹாங்காங்கிலிருந்து 59 பேரைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. அதனால அதுக்கு முன்னாடி படிச்ச பலருக்கு இது பாடத்திலேயே கிடையாது. எனக்கும்தான்.

என் தப்பை முதலில் சொல்கிறேன். பல வருஷத்துக்கு முன்னாடி ஒரு பொண்ணு வந்தா. கல்லூரி மாணவி, நல்லா உடுத்தி, மரியாதையாப் பேசுவா. அரை மணிக்கு ஒரு தடவை டாய்லெட், ராத்திரி படுக்கை ஈரம். காப்பியைக் குறை, கொஞ்சம் அடக்கிப் பழகுன்னு பயிற்சி சொல்லிக் கொடுத்து அனுப்பினேன். போதைப்பொருள் பற்றிக் கேட்கவே இல்லை. அவளைப் பார்த்தா அப்படித் தெரியல. அதுதான் காரணம், வேற ஒண்ணும் இல்லை. மறுபடி அவளைப் பார்த்தப்போ முதுகில் குழாய் போட்டிருந்தது. பை சுருங்கி, சிறுநீர் இறங்க வழியில்லாமல் சிறுநீரகம் வீங்கியிருந்தது. "நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்"னு சொன்னா. அன்றிலிருந்து எல்லோரிடமும் கேட்கிறேன்.

அதுக்கப்புறம் வந்த ஒரு பையன். அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் சொல்கிறேன். மூணு தடவை ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருக்கிறான். மூணு தடவையும் சிறுநீர் கல்ச்சரில் கிருமி இல்லை. எரிச்சல், ரத்தம், அவசரம் எல்லாம் தொற்று மாதிரியே இருப்பதால் இது அடிக்கடி நடக்கிறது. எத்தனை தடவை, எவ்வளவு போகிறது என்று மூணு நாள் எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். ஒரே நாளில் 38 தடவை. ஒவ்வொரு தடவையும் 40, 50 மில்லி. பஸ்ஸில் ஏற முடியாமல் வேலையை விட்டுவிட்டான். அப்பா அவனை சோம்பேறி என்று நினைத்திருக்கிறார்.

அம்மாவைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொல்லிட்டு, தலைவலி இருக்கா என்று கேட்பது மாதிரி சாதாரணமாகக் கேட்டேன். கெட் எடுக்கிறியா, எவ்வளவு, எத்தனை நாளா? உடனே சொல்லிவிட்டான். கூடவே அவன் சொன்னதுதான் இந்த நோயின் பொறி. "நிறுத்தினா வலி தாங்க முடியல. அதை எடுத்தாத்தான் வலி நிக்குது."

படுக்கை நனைவதும் இதனால்தான். பை சின்னதாகிவிட்டது. முட்டினால் வலி எழுப்ப வேண்டும். ஆனால் எழுப்பவேண்டிய வலியை மருந்து மரத்துப்போகச் செய்திருக்கிறது, ஆளும் மயக்கத்தில் கிடக்கிறான். காலையில் மெத்தை ஈரம். வெட்கத்தில் கதவைப் பூட்டிக்கொண்டு மறுபடி அதையே எடுக்கிறான்.

சிகிச்சை என்றால் முதலும் நடுவும் கடைசியும் நிறுத்துவதுதான். சீக்கிரம் நிறுத்தியவர்களில் பலருக்கு நல்லா தேறுது. ஆனா வெறுமனே "நிறுத்து"ன்னா முடியாது. வலிக்கு வேற மருந்து வேணும், போதை மீட்பு ஆளும் கூடவே வேணும். இரண்டும் ஒரே நேரத்தில் தொடங்கணும். பைக்குள் குழாய் வழியாக மருந்து விட்டு உள்தோலை ஆற்றவும் பார்ப்போம். ரொம்ப இறுகிப்போன பைக்குக் குடலில் ஒரு துண்டை எடுத்துத் தைத்துப் பெரிதாக்குகிற ஆபரேஷன் இருக்கிறது. அதுக்கப்புறம் பலர் தினமும் தாங்களே குழாய் விட்டுச் சிறுநீரை எடுக்க வேண்டியிருக்கும். இன்னும் எடுத்துக்கொண்டிருப்பவருக்கு அதைச் செய்ய மாட்டார்கள். குடல் துண்டு சிறுநீரிலிருக்கிற கெட்டமைனைத் திரும்ப உறிஞ்சிவிடும்.

அந்தப் பையன் இரண்டு தடவை திரும்ப விழுந்தான். மூணாவது தடவை நிறுத்தினான். இப்போ ஒரு நாளைக்கு 12 தடவை போகிறான். முழுசாக சரியாகவில்லை, ஆனால் பஸ்ஸில் போகிறான்.

எழுதின அம்மாவுக்கு: மெத்தை விஷயத்தில் ஆரம்பிக்காதீங்க. உனக்கு வலிக்குதா, எத்தனை தடவை போறேன்னு கேளுங்க. மேல்வயிற்றைப் பிடிச்சுக்கிட்டுச் சுருண்டு படுக்கிறானா என்றும் பாருங்க, இதில் அதுவும் வரும். டாக்டரிடம் கூட்டிட்டுப் போங்க. சர்க்கரையும் கிருமியும் முதலில் சோதிக்கட்டும். அப்புறம் டாக்டரோடு அவனைப் பத்து நிமிஷம் தனியா விடுங்க. உங்க மகனுக்கு இது இல்லாமலும் இருக்கலாம். இருந்தா, அந்தப் பத்து நிமிஷத்தில் சொல்லிவிடுவான். என்ன ஆச்சுன்னு எனக்கு எழுதுங்க.

அடுத்த வாரம் முதியவர்களின் புரோஸ்டேட் பற்றி. கேள்விகளை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்க.