கொல்லிமலையும் சில கிறித்தவ நூல்களும்



உள்ளத்திற்கு ஊக்கம் தரும் கிறித்தவ நூல்களைப் பற்றி ஒரு வாசகன் என்ற முறையில் என் கருத்துகளைக் கூறுமாறு வானொலி நிலையத்தார் பணித்துள்ளனர். நான் கிறித்தவன் அல்லன். சைவக் குடும்பத்தில் பிறந்து, தேவாரமும் திருவாசகமும் கேட்டு வளர்ந்தவன். ஆயினும் அடுத்த வீட்டு மல்லிகையின் மணம் வேலியோடு நின்றுவிடுவதில்லை. நல்ல நூலின் பயனும் அத்தகையதே.

இந்நூல்களை மூன்று வகையாகக் கொள்ளலாம். உருவகக் கதைகள் முதல் வகை. 1678ஆம் ஆண்டில் ஜான் பனியன் ஆங்கிலத்தில் வெளியிட்ட கதையைத் தழுவி, நம் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை 1894ஆம் ஆண்டில் 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் காப்பியத்தைத் தந்தார். நாள்தோறும் ஒரு பக்கம் படித்துச் சிந்திப்பதற்கென அமைந்த தியான நூல்கள் இரண்டாம் வகை. அவற்றுள் சில உயர்ந்தவை. பல, துன்பம் இன்னதென்று கேட்டறியும் முன்னரே ஆறுதல் கூறத் தொடங்கிவிடுகின்றன. நோயைக் கேளாது மருந்து கொடுக்கும் வைத்தியரை நாம் நம்புவதில்லையே! மெய்யாக வாழ்ந்தவர்களின் வரலாறுகள் மூன்றாம் வகை. என் உள்ளம் பெரிதும் நாடுவது இவ்வகையையே. அதற்கு ஒரு காரணம், அவற்றுள் சில எங்கள் மலையைப் பற்றியவை.

நான் வாழும் காரவள்ளி, கொல்லிமலையின் அடிவாரத்தில் உள்ள ஊர். 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலைப்பாதை இங்கிருந்துதான் மேலேறுகிறது. வல்வில் ஓரியின் மலை என்று சங்கப் புலவர் போற்றிய அம்மலைக்கு, நூறாண்டுகளுக்கு முன்னர்க் கால்நடையாகத்தான் ஏறவேண்டும். அவ்வாறு ஏறியவர்களுள் இருவர் ஜெஸ்ஸி பிராண்டும் அவர் மனைவி எவ்லினும். 1913ஆம் ஆண்டில் மணம் முடித்து மலைக்கு வந்த இவ்விணையர், மருந்தும் பள்ளியும் தச்சு வேலையும் பயிர்த்தொழிலும் கொண்டு மலைமக்களிடையே பணி செய்தனர். 1914இல் பிறந்த இவர்களுடைய மகன் பால் பிராண்டு, பிற்காலத்தில் உலகம் அறிந்த தொழுநோய் அறுவை மருத்துவர் ஆனார்.

இக்குடும்பத்தைப் பற்றிய மூன்று ஆங்கில நூல்கள் குறிப்பிடத்தக்கவை. டோரதி கிளார்க் வில்சன் என்னும் அமெரிக்க எழுத்தாளர் மகனைப் பற்றி 1965இல் 'டென் ஃபிங்கர்ஸ் ஃபார் காட்' என்ற நூலையும், தாயைப் பற்றி 1976இல் 'கிரானி பிராண்ட்' என்ற நூலையும் எழுதினார். முன்னதற்குக் கடவுளுக்குப் பத்து விரல்கள் என்று பொருள். பின்னது பிராண்டு பாட்டி. பால் பிராண்டு தாமே பிலிப் யான்சியுடன் சேர்ந்து எழுதி 1993இல் வெளியிட்ட நூல், வலியை எவரும் விரும்பாத ஒரு கொடை என்று தலைப்பிலேயே அழைக்கின்றது.

இந்நூல்களில் என்னைக் கவர்ந்தவை அற்புதங்கள் அல்ல, அன்றாட வேலைகளே. நரம்புச்சிலந்தி என்னும் கொடிய புழுநோய் அந்நாளில் மலையிலும் நாட்டிலும் மக்களை வாட்டியது. படிக்கிணற்றில் இறங்கி நிற்பவரின் புண்ணிலிருந்து புழுவின் நுண்ணிய இளம்புழுக்கள் நீரில் கலக்கும். அந்நீரைப் பருகுபவரின் உடலில் மீண்டும் புழு வளரும். வெளியே தலைகாட்டும் புழுவைச் சிறு குச்சியில் சுற்றி, அறுந்துவிடாமல், நாளுக்குச் சிறிதாக இழுத்தெடுக்க வேண்டும். தந்தை ஜெஸ்ஸி இவ்வேலையைப் பொறுமையுடன் செய்ததை மகன் வருணிக்கின்றார். இந்தியாவில் இந்நோயின் கடைசி நிகழ்வு 1996ஆம் ஆண்டில் நேர்ந்தது. 2000ஆம் ஆண்டில் நம் நாடு இந்நோய் அற்ற நாடெனச் சான்று பெற்றது. அவ்வெற்றிக்குப் பின்னால் இத்தகைய பெயரறியாக் கைகள் எத்தனை! குச்சியில் புழுவைச் சுற்றும் ஒரு பக்கம், நூறு உபதேசப் பக்கங்களைவிட என் நெஞ்சில் நிற்கிறது.

ஆண்டுகள் பல சென்றும் மலைமக்களில் எவரும் அவர்தம் சமயத்தில் சேரவில்லை. இதனை மறையாது எழுதியிருப்பது இந்நூல்களின் சிறப்பு. பின்னர் 1918, 1919ஆம் ஆண்டுகளில் உலகைச் சூறையாடிய விஷக்காய்ச்சல் மலைக்கும் வந்தது. இணையர் இருவரும் வீடு வீடாகச் சென்று நோயாளிகளுக்குக் கஞ்சி ஊட்டினர். அதுவரை அவர்களை எதிர்த்து நின்ற பூசாரி ஒருவர், சாகுந்தறுவாயில் தம் பெண்குழந்தையை அவர்களிடமே ஒப்படைத்தார். இதனை ஒரு சமயத்தின் வெற்றியாக நூல்கள் காண்கின்றன. எனக்கோ அது ஒரு தந்தையின் தெளிந்த தீர்ப்பாகத் தோன்றுகிறது. யார் கொள்கை சரியானது என்று ஆராய அவருக்கு நேரமில்லை. யார் வந்தார்கள் என்பதே அவர் கண்ட சான்று.

1929ஆம் ஆண்டில் ஜெஸ்ஸி பிராண்டு மலைக்காய்ச்சலின் கொடிய வகையொன்றால் மாண்டார். இங்கிலாந்தில் பயின்றுகொண்டிருந்த பால் என்னும் சிறுவனுக்குத் தந்தி முதலில் சென்றது. தந்தை உயிரோடிருந்தபோது எழுதிய கடிதங்களோ கப்பலேறிப் பின்னர் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. இறந்தவரிடமிருந்து வரும் கடிதத்தை அச்சிறுவன் எந்நிலையில் பிரித்திருப்பான்! ஆசிரியர் இங்கே ஆறுதல் மொழி எதனையும் அடுக்காமல் நிகழ்ந்ததை மட்டும் சொல்லியிருந்தாலும் நம் கண் கலங்கும்.

எவ்லின் அம்மையார் எழுபதை நெருங்கிய வயதில், தம் சங்கத்தின் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின், தம் பொறுப்பிலேயே மீண்டும் மலையேறினார். எலும்பு முறிவுகளோடு, கோல் ஊன்றியும் குதிரை மீதமர்ந்தும் ஊர் ஊராகச் சென்றார். முதுமையில் தம் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை என்று மகன் எழுதுகின்றார். 1974ஆம் ஆண்டில், 95ஆம் வயதில் அவர் மறைந்தார்.

மகனின் நூலுக்கு வருவோம். 1946இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்டு, தொழுநோயாளரின் விரல்கள் தாமே அழுகி உதிர்வதில்லை என்று கண்டார். நோய் நரம்பைக் கெடுக்கிறது. நரம்பு கெட்டதும் வலி தெரிவதில்லை. வலி தெரியாமையால் காயமும் தீப்புண்ணும் விரலை அழிக்கின்றன. ஒருமுறை துருப்பிடித்த பூட்டொன்றை அவரால் திறக்க இயலவில்லை. நோயுற்ற சிறுவன் ஒருவன் சாவியை எளிதாகத் திருகிவிட்டான். ஆனால் அவன் விரல் எலும்பு தெரியுமளவு கிழிந்திருந்தது, அவன் அதனை உணரவேயில்லை. உடலின் காவலன் வலியே என்னும் அவரது கருத்து இத்தகைய நேர்க்காட்சிகளிலிருந்து பிறந்தது. மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றும் அறுவையால் நிமிர்த்தினார் அவர்.

இக்கருத்தை நான் மனமார ஏற்கிறேன். ஆயினும் ஓர் எல்லை வரையில்தான். நெருப்பைத் தொட்ட விரலின் வலி கொடையாகலாம். பசியின் வலியும், ஊரார் ஒதுக்கியதால் உண்டாகும் வலியும் கொடையாகா. தொழுநோயாளரைப் பிரித்து வைத்த 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது. அந்நோயை மணமுறிவுக்குக் காரணமாகக் கொண்ட சட்டப்பிரிவுகள் 2019இல்தான் அகற்றப்பட்டன. 1981இலேயே கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக நல நிறுவனம் பரிந்துரைத்துவிட்டது. மருந்து வந்து முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்தே மனமும் சட்டமும் அசைந்தன. அந்த வலியைப் பொறுத்துக்கொள் என்று ஒருவரிடம் கூறுதல் அறம் அன்று. அதனைப் போக்குதலே அறம். பால் பிராண்டின் வாழ்க்கையே இதற்குச் சான்று. அவருடைய நூலிலிருந்து ஒரு வாக்கியத்தை மட்டும் பிய்த்தெடுத்துத் துன்புறுவோர்க்கு உபதேசிப்பவர்கள் இதனை மறந்துவிடுகின்றனர்.

டோரதி வில்சனின் நூல்களிலும் ஒரு குறை காண்கிறேன். அவர் நடை விறுவிறுப்பானது. உரையாடல்கள் நாடகம் போல ஓடுகின்றன. ஆனால் வெளிச்சம் முழுவதும் வந்தவர்கள் மீதே விழுகிறது. இருந்தவர்கள் எங்கே? மூட்டைகளைத் தோளில் சுமந்து செங்குத்தான பாறைகளில் ஏறியவர்கள், மொழியையும் வழியையும் கற்றுக்கொடுத்தவர்கள், சாமையும் தினையும் விளைவித்து அம்மலையில் காலங்காலமாய் வாழ்ந்தவர்கள், இவர்களுள் பெரும்பாலோர் பெயரின்றியே வந்து போகின்றனர். அறப்பளீசுவரரை வணங்கி, தமக்கெனக் கதையும் பாட்டும் கொண்ட மக்களை, இருளில் கிடந்தவர்கள் என்று மட்டும் எழுதினால் அது அரை உண்மையே. தொண்டின் பெருமையைக் காட்டுவதற்குத் தொண்டு பெற்றவரைச் சிறுமைப்படுத்த வேண்டுவதில்லை.

இதே ஆசிரியர் 1963இல் எழுதிய மேரி வர்கீஸ் வரலாறு இக்குறையிலிருந்து பெரிதும் விலகியது. 1954இல் வாகன விபத்தில் கால்கள் செயலிழந்த அந்த மருத்துவர், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். அங்கே நாயகி நம் நாட்டவர். வலியை அறிந்தவரும் அவரே, வலியைப் போக்கியவரும் அவரே. முதலில் எதைப் படிக்கலாம் என்று கேட்கும் மாணவர்க்கு நான் அந்நூலையே சுட்டுவேன்.

மாணவர்களே, இத்தகைய நூல்களைப் படிக்கும்போது கண்ணீர் வருவது இயல்பு. கண்ணீர் வந்ததாலேயே நூல் சிறந்தது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இந்நூல் எந்த வேலையை எனக்குக் கற்றுத் தந்தது என்று கேளுங்கள். இதில் பெயரின்றி நிற்பவர் யார் என்றும் கேளுங்கள். முதல் வினாவிற்கு விடை நூலிலேயே கிடைக்கும். இரண்டாவதற்கு விடை கொல்லிமலை ஊர்களில், பாட்டன் பாட்டியர் நினைவில் இன்னும் சிதறிக் கிடக்கிறது. யாருடைய பாட்டன் மூட்டை சுமந்தார், யாருடைய பாட்டி விஷக்காய்ச்சலில் பிழைத்துப் பிறரையும் பேணினார் என்று மலைநாட்டு மாணவர் சிலர் கேட்டு எழுதி வைப்பார்களாயின், அவ்வலமாரியில் இல்லாத நூலொன்று தமிழுக்குக் கிடைக்கும். அதனையும் படித்துக் கருத்துக் கூற இவ்வாசகன் காத்திருக்கிறான்.