பத்து ஃபோட்டோவும் ஒரு லட்சம் பேரும்

காரைக்காலில் இருந்து ஒரு நேயர் கேட்டிருந்தார்: "குண்டு வெச்சவன் யாருன்னு தெரியற வரைக்கும் அவன் ஆளுங்க எல்லாரையும் சந்தேகப்படுறதுல என்ன தப்பு?" நியாயமான கேள்விதான். பதிலை உங்க கடற்கரையிலேயே தேடலாம்.

காரைக்கால்ல இருந்து நாகூர் பஸ் ஏறினவங்களுக்குத் தெரியும். வாஞ்சூர் எல்லையில சில நாள் பையைத் திறந்து காட்டணும். பாட்டில் கொண்டு போறவர் ஒருத்தர், பை திறக்கிறது நாப்பது பேர். எரிச்சல்தான், ஆனா ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சுடும். அதே சோதனை முப்பது வருஷம் நீண்டா?

1990 ஜூனில் இலங்கையில் மறுபடி போர் வெடித்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் படகேறித் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். அதே ஜூன் 19ஆம் தேதி, சென்னை கோடம்பாக்கத்தில் ஈ.பி.ஆர்.எல்.எஃப். தலைவர் பத்மநாபாவும் கூட இருந்த பலரும் கொல்லப்பட்டார்கள். செய்தது விடுதலைப் புலிகள். அந்தக் குழுவை நடத்தியவர் சிவராசன். பத்மநாபாவும் ஈழத் தமிழர்தான், இதை மனசுல வெச்சுக்கோங்க. கொலையாளிகள் கடல் வழியாகத் தப்பிவிட்டார்கள்.

அடுத்த வருஷம் மே மாதத் தொடக்கத்தில் அதே சிவராசன், ஒரு குழுவோடு கோடியக்கரையில் வந்து இறங்கினார். காரைக்காலுக்குத் தெற்கே, வேதாரண்யம் பக்கம். மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியும், பாதுகாப்புக்கு நின்ற காவலர்களும், கூட்டம் பார்க்க வந்தவர்களும் செத்துப்போனார்கள்.

அந்த வழக்கை உடைத்தது எது? ஒரு கேமரா. படம் எடுக்க வந்த ஹரிபாபு குண்டுவெடிப்பில் இறந்துவிட்டார், கேமரா தப்பியது. ஃபிலிமில் பத்துப் படங்கள். மாலையோடு நிற்கும் தணு, பத்திரிகைக்காரர் மாதிரி வெள்ளை குர்தா போட்டு நோட்டு வைத்திருக்கும் சிவராசன். டி.ஆர். கார்த்திகேயன் தலைமையில் இருந்த சி.பி.ஐ. சிறப்புப் புலனாய்வுக் குழு அந்த முகங்களைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாக, ஆள் ஆளாகப் போனது. ஆகஸ்ட் 20 அன்று பெங்களூரு கோணனகுண்டேயில் சிவராசன் பிணமாகக் கிடைத்தார். மூன்று மாதம். அகதி முகாமைச் சல்லடை போட்டதால் கிடைத்த வெற்றி இல்லை இது. சொல்லப்போனா, ஹரிபாபு நம்ம ஊர்க்காரர். குற்றவாளிகளாகத் தீர்ப்பு வந்தவர்களிலும் இந்தியர்கள் இருந்தார்கள். யாரும் அதுக்காக இந்தியர்களை எல்லாம் சந்தேகப்படலை, இல்லையா?

ஆனா அகதிகளுக்கு வேற கணக்கு. உயர்கல்வியில் இருந்த சலுகைகள் நின்றன. தொண்டு நிறுவனங்கள் முகாமுக்குள் போக முடியாமல் ஆனது. 1992 ஜனவரியில் திருப்பி அனுப்பும் வேலை தொடங்கி, 1995க்குள் 50,000க்கும் மேற்பட்டவர்கள் கப்பலேறினார்கள். காகிதத்தில் எல்லாரும் "விருப்பப்பட்டு"ப் போனவர்கள். அந்த விருப்பம் உண்மைதானா என்று விசாரிக்கவே ஐ.நா. அகதிகள் அமைப்பு சென்னைக்கு வர வேண்டியிருந்தது.

இதுல அரசுக்கே ஒரு நஷ்டம் இருக்கு. முகாமில் புதுசா ஒரு சந்தேகமான ஆள் வந்து தங்கினால் முதலில் தெரிவது பக்கத்துக் குடிசைக்குத்தான். அந்த அம்மா போலீஸிடம் போய்ச் சொல்வாங்களா? சொன்னா தன் பெயரும் பட்டியலில் ஏறும், பிள்ளைகளோடு கப்பலேத்திடுவாங்க என்ற பயம் இருந்தால், வாயே திறக்க மாட்டாங்க. புலிகளுக்கு அதைவிட என்ன வேணும்?

சரி, கோர்ட்டாவது பிரிச்சுப் பார்த்ததா? வழக்கு தடா சட்டத்தில் நடந்தது. அந்தச் சட்டத்தில், எஸ்.பி. பதவிக்குக் குறையாத போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலமே சாட்சியம். 1998 ஜனவரி 28 அன்று தடா நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை கொடுத்தது. ஒருத்தர் பாக்கியில்லை! அடுத்த வருஷம் மே 11 அன்று உச்ச நீதிமன்றம் அதில் 19 பேரைக் கொலைச் சதிக் குற்றத்திலிருந்து விடுவித்தது. சிலர் மேல் சின்னக் குற்றங்கள் மட்டும் நின்றன. இந்த வழக்குக்குத் தடா குற்றங்கள் பொருந்தவே இல்லை என்றும் சொன்னது. வாக்குமூலங்கள் மட்டும் அப்படியே செல்லுபடியாகின. பேட்டரி வாங்கிக் கொடுத்ததாகச் சிக்கிய பேரறிவாளனுக்கு அப்போது வயது 19. அது எதுக்குன்னு தனக்குத் தெரியாதுன்னு அவர் சொன்னதைத் தான் எழுதவில்லை என்று, வாக்குமூலம் பதிவு செய்த அதிகாரியே 2013இல் ஒப்புக்கொண்டார். உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது 2022 மே 18.

எதிர்க்கரையைப் பாருங்க. 1983 ஜூலையில் புலிகள் 13 சிப்பாய்களைக் கொன்றார்கள். கொழும்பில் கும்பல்கள் தமிழர் வீடுகளையும் கடைகளையும் தேடிப்போய்க் கொளுத்தின. அதுவரை சின்னக் கூட்டமாக இருந்த இயக்கங்களுக்கு அதன் பிறகு ஆள் சேர்க்க அலைய வேண்டிய தேவையே வரவில்லை. அதே புலிகள் 1990 அக்டோபரில் என்ன செய்தார்கள்? வடக்கில் இருந்த முஸ்லிம்கள் அத்தனை பேரையும் காட்டிக்கொடுப்பவர்களாகக் கணக்குப் போட்டு விரட்டினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் ரெண்டு மணி நேரம். சுமார் 70,000 பேர். அவர்களும் நம்மைப்போலத் தமிழ் பேசுறவங்கதான். இதை நம்ம மேடைகளில் யாரும் அதிகம் பேசுறதில்லை.

2021இல் தமிழ்நாடு அரசு "அகதிகள் முகாம்" என்ற பெயரை "இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்" என்று மாற்றியது. அங்கே பிறந்து, இங்கேயே படித்து, நம்மோடு ஒரே சினிமா பார்த்து வளர்ந்தவர்களுக்கு இன்று முப்பது வயது தாண்டிவிட்டது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையின் பெயர் இல்லை. ஸ்ரீபெரும்புதூர்ல குண்டு வெடிச்சப்ப பிறக்கவே இல்லாத ஒரு பொண்ணு, இன்னைக்கும் பாஸ்போர்ட்டுக்கு எந்த வரிசையில நிக்கணும்னு தெரியாம இருக்கா.