தூரம் ஒன்று, மணி இரண்டு



பரிசளிப்பு விழாவில் கல்வியின் பெருமையைப் பேசுவது வழக்கம். நான் ஒரு சின்னக் கணக்கைப் பற்றிப் பேசப் போகிறேன். அதில் நான் தவறியதையும் மறைக்காமல் சொல்லப் போகிறேன்.

சிப்பாங்கிலுள்ள கோலாலம்பூர் விமான நிலையத்திலிருந்து சென்னை மீனம்பாக்கத்திற்கு வான்வழியில் ஏறக்குறைய 2,600 கிலோமீட்டர். நம் தாத்தா பாட்டிமார் 'ரஜூலா' கப்பலில் கிட்டத்தட்ட ஒரு வாரம் கிடந்து கடந்த கடல் இது. இன்று விமானத்தில் ஏறக்குறைய 4 மணி நேரம். உயரே போனபின் மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் பறக்கிறதே, மூன்றேகால் மணி போதாதா என்று பிள்ளைகள் கேட்பீர்கள். ஓடுபாதையில் ஊர்ந்துபோக, மேலே ஏற, கீழே இறங்க ஆகும் நேரத்தையும் சேர்க்க வேண்டாமா?

சில ஆண்டுகளுக்கு முன், பால்மரம் வெட்டும் பெரியவர் ஒருவர் என்னிடம் வந்தார். "சார், அம்மா போயிட்டாங்க. நாளைக்குக் காலையில பத்து மணிக்குப் பிளேன். எத்தன மணிக்கு இறங்குவேன்னு தம்பிக்கிட்ட சொல்லிடுங்க" என்றார். தம்பி வீடு திண்டிவனம் பக்கம். நான் டிக்கெட்டைக்கூட வாங்கிப் பார்க்கவில்லை. பத்தும் நாலும் பதினாலு, பகல் 2 மணி என்று தொலைபேசியில் சொல்லிவிட்டேன்.

அவர் இறங்கியபோது சென்னையில் மணி 11.30! கைப்பேசி அங்கே வேலை செய்யவில்லை, ஊரும் புதிது. தம்பி மகன் கார் கொண்டுவரும் வரை வாசலிலேயே நின்றிருக்கிறார். வீட்டிலோ, அண்ணன் வர மாலை ஐந்தாகும், அதுவரை வைத்திருக்க முடியாது என்று பெரியவர்கள் நான்கு மணிக்கே எடுத்துவிட்டார்கள். மூன்று மணிக்கு வந்துவிடுவார் என்று தெரிந்திருந்தால் காத்திருப்பார்கள். திரும்பி வந்தவர், "விடுங்க சார், வேணும்னா செஞ்சீங்க?" என்றார். திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலாம்.

மாணவர்களே, பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. இவ்விரு ஊர்களுக்கும் இடையே ஏறக்குறைய இருபத்தொன்றரை பாகை. சூரியக் கணக்கில் ஒன்றரை மணிக்கும் சற்றுக் குறைவான வித்தியாசந்தான். ஆனால் கடிகாரத்தில் இரண்டரை மணி! ஏன்? சபா, சரவாக்கோடு ஒரே நேரமாக இருக்கட்டும் என்று 1982 ஜனவரி 1 முதல் தீபகற்பத்தின் கடிகாரத்தையும் அரை மணி முன்னே தள்ளி வைத்தார்கள். இப்போது நம் நேரம் கிரீன்விச்சுக்கு 8 மணி முன். இந்திய நேரம் ஐந்தரை மணி முன். காலை ஆறரைக்கும் நம் தோட்டம் இருட்டாக இருப்பது இதனால்தான்.

ஆகவே போகும்போது பயண நேரத்தைக் கூட்டி, இரண்டரை மணியைக் கழியுங்கள். வரும்போது இரண்டையும் கூட்டுங்கள். சென்னையில் நள்ளிரவு 12 மணிக்கு ஏறினால் இங்கே இறங்கும்போது காலை 6.30. டிக்கெட்டில் இறங்கும் நேரமாகப் போட்டிருப்பது இறங்கும் ஊரின் நேரம் என்பதையும் மறவாதீர்கள்.

பெற்றோர்களே, இதைப் பிள்ளைகளிடமே கேளுங்கள், சொல்வார்கள். வாத்தியார் சொன்னாலும் ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள். நான் வருத்தப்பட மாட்டேன்.